சுங்கை சிப்புட் தோட்டக் கதையை எங்கே தேடுவது?

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட். அந்தப் பெயரை இணையத்தில் தட்டினால் சீக்கிரமே கண்ணில் படுவது 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஒரே நாள் காலையில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த கெடுபிடி, அது 1960 வரை ஓடியது. அந்த மூன்று பேரின் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. அன்றைக்கு அதே தோட்டங்களில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றுவிட்டு ரப்பர் பால்மரம் சீவப் போன நம் ஆட்கள் யார் யார்? எங்கள் ஊர்க் குழு தேடுவது அவர்களைத்தான்.

(திரையில்: பழைய அடையாள அட்டை, எண் மறைத்தபடி)

முதலில் வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறங்கள். அவசரகாலம் வந்ததும் அதே 1948-இல், 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கைரேகையும் பதித்த அட்டை கட்டாயமானது, அதனால் பாட்டி துணியில் சுற்றி வைத்திருக்கும் அட்டையின் கதையும் அந்தத் துப்பாக்கிச் சூட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அட்டை சிவப்பாக இருந்தால் குடியுரிமை கிடைக்காதவர் என்று அர்த்தம். 1969-க்குப் பிறகு அப்படிப்பட்டவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிறப்புப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயரே இருக்கலாம். இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பின்பக்கக் கிறுக்கலையும் விடாதீர்கள்.

அப்புறம் பெரியவர்கள். "வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று போய் உட்கார்ந்தால் "எனக்கென்னப்பா தெரியும்" என்பார், பேச்சு அதோடு முடிந்தது. பெரட்டு எத்தனை மணிக்கு, உங்கள் நிரையில் எத்தனை மரம், ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) யார் பொறுக்கினது, ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டுப் பாருங்கள், சமையலறையில் இருக்கும் பாட்டியும் வந்து திருத்துவார். அவசரகாலத்தில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டது, அரிசியை அளந்து கொடுத்தது எல்லாம் இப்படித்தான் வெளியே வரும். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், பஞ்சாயத்து வேண்டாம்.

(திரையில்: தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகை)

தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த இடத்திலும் பள்ளிப் பலகை மட்டும் பழைய பெயரை விடுவதில்லை, எங்கள் பக்கத்தில் எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாதிரி. தோட்டத்துக்குள் பள்ளி வந்தது துரையின் தயவால் மட்டுமல்ல. 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், மரியாதையாக, கடிதத்தோடு.

பத்திரிகைகளுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு போதும். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. ஊர்ப் பெயரைவிட தேதியை வைத்துத் தேடுவதுதான் சுலபம்.

சரி, கிடைத்ததை வாட்ஸ்அப்பில் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது: அட்டை எண்ணை மறையுங்கள், உயிரோடு இருப்பவர் என்றால் அவரிடமே கேளுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளிடம். ஒருவர் வேண்டாம் என்றாலும் போடாதீர்கள்.