கூறைப் பட்டுக்கு அரக்குச் சிவப்பு

வணக்கம் நேயர்களே. கலியாண வீட்டில் மணப்பெண் கூறை மாற்றிக்கொண்டு வந்தால் எல்லார் கண்ணும் அந்தச் சிவப்பில்தான் நிற்கும். இன்று அது பெரும்பாலும் இரசாயனச் சாயம். 1856இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் பேர்க்கின் செயற்கைச் சாயத்துக்கு வழி திறக்குமுன் பட்டுக்கு ஆழ்ந்த சிவப்புத் தந்தவற்றில் ஒன்று அரக்குப் பூச்சி. இந்தியாவில் கூழா, இலந்தை மரங்களின் இளங்கொப்புகளில் அதை வளர்க்கிறார்கள். வன்னியில் இந்த இரண்டு மரமும் தெரியாதவர் யார்?

சாயம் பூச்சியின் உடம்பில் இருக்கிறது, மேலே மூடியிருக்கும் பிசினில் அல்ல. அதனால் குஞ்சுகள் வெளியேறுமுன் வெட்டிய கொம்பரக்குத்தான், அதாவது பூச்சியும் பிசினும் படிந்த கொப்புத்தான், நல்லது.

முதலில் பட்டு நூலைச் சவர்க்காரத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துப் பசை நீக்க வேண்டும். எடையில் ஏறக்குறையக் கால்பங்கு போய்விடும், பயப்படாதீர்கள். பசை நின்றால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிறகு, சாயம் நூலில் பற்றி நிற்க, பசை நீங்கிய 500 கிராம் நூலுக்கு 75 கிராம் சீனக்காரம் (படிகாரம்). வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். 500 கிராம் கொம்பரக்கைக் கொரகொரப்பாக இடித்து, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, இரட்டைத் துணியில் வடியுங்கள், மூன்று தடவை. சூடு கூடினால் பிசின் இளகி நூலில் ஒட்டும். ஒட்டினால் எடுக்கவே முடியாது. வடித்தபின் சூடாக்கலாம், வடிக்குமுன் கூடாது. திரும்பவும் சொல்கிறேன்: வடிக்குமுன் கூடாது.

அடுத்தது தண்ணீர். நம் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அது அரக்குச் சாயத்தைப் பிடித்துக் கீழே படியவைக்கும். நிறமும் ஊதாவுக்குச் சாயும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீரில் புளி கரைத்தால் சிவப்பு ஓரளவு திரும்பும், ஆனால் மழைத் தண்ணீரின் தெளிவு வராது. இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுக்கும். எவர்சில்வர் பானை போதும்.

வடித்த சாயத்தில் புளிக்கரைசல் சேர்த்து, நூலை இறக்கி, மெல்ல மெல்ல 80 பாகைவரை ஏற்றி, ஒரு மணித்தியாலம் புரட்டிக்கொண்டே இருங்கள். கொதித்தால் பட்டின் மினுக்கம் போய்விடும். சாயத்திலேயே ஆறவிட்டு எடுங்கள்.

சேலையைப் பேணுவது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் முடிகிறது. சவர்க்காரத் தூள் போடாதீர்கள், காரம் பட்டால் ஊதாவாகும். கடைசி அலசலில் சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நிழலில் காயப்போடுங்கள். வணக்கம்.