ஸ்லைடில் இல்லாத சித்தப்பா

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், தேர்வு நெருங்கும் நேரத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

"பட்டம் வாங்கப் போகும் வெளிநாட்டு மாணவருக்கு இந்த நான்கு ஆண்டுகளில் அதிகம் கற்றுக்கொடுத்தது வகுப்பறையா, சிங்கப்பூர் என்கிற இந்த ஊரா?" இதுதான் தலைப்பு. ஊர்தான் என்று பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கி இந்தப் பக்கம் விழவில்லை ஐயா, நானாகக் கேட்டு வாங்கிய பக்கம் இது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி நன்றாகவே பேசினார். வகுப்பறை இல்லையென்றால் ஸ்டூடண்ட் பாஸ் கிடையாது, அந்த அனுமதி இல்லாமல் நீ இந்த ஊரில் தங்கவே முடியாது என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஊரைத் தெரிந்துகொள்ள பத்து நாள் சுற்றுலா போதும், அதற்கு நான்கு ஆண்டு எதற்கு என்றார். கடைசியாக, ஊர் ஆளுக்கு ஒரு பாடம் நடத்தும், வகுப்பறைதான் எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்தும் என்றார். நான் பிடித்துக்கொள்ளப் போவது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். ஏனென்றால் எனக்கு மட்டும் வேண்டியிருந்த ஒரு பாடம் இருந்தது, அதை எந்த வகுப்பறையாலும் எனக்கு நடத்தியிருக்க முடியாது.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் என்றால் வெளிநாடு கிடையாது, அது ஒரு சொந்தக்காரர் மாதிரி. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது இங்கே இருப்பார்கள், இல்லையென்றால் இருந்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். என் சித்தப்பா 2005ல் வந்தார், 2016ல் திரும்பினார். பதினோரு ஆண்டு. அவர் ஊருக்கு வரும்போது மைலோ டின் வரும், கோடாலித் தைலம் வரும், எனக்குப் பென்சில் பாக்ஸ் வரும். என்ன வேலை என்று கேட்டால் "கட்டட வேலை" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என் பள்ளிக்கூட ஃபீஸில் பாதிக்கு மேல் அவர் அனுப்பிய பணம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். எப்போதும் மூன்றரைதான், முன்னே பின்னே ஐந்து நிமிடம். காலிங் கார்டில் காசு தீர்வதற்குள் அப்பா, அம்மா, ஆத்தா, அப்புறம் நான், வரிசையாகப் பேசவேண்டும். பின்னால் ஒரே கூட்டச் சத்தமாக இருக்கும், தமிழ்ப் பாட்டு கேட்கும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். சித்தப்பா ஏதோ திருவிழாவில் நின்று பேசுகிறார் என்றுதான் நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவனோடு தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அரிசியும் புளியும் வாங்கத்தான் போனோம். சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை, புல்தரையில் எல்லாம் குழுக் குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் போன், ஊரில் இருக்கிற குழந்தையின் முகம் திரையில். கடைகளிலிருந்து பாட்டு. எனக்கு அந்தச் சத்தம் தெரிந்திருந்தது ஐயா. அப்படியே நின்றுவிட்டேன். மணி பார்த்தேன், ஆறு. ஊரில் மூன்றரை. இரண்டரை மணி நேர வித்தியாசத்தை நான் ஐந்தாம் வகுப்பிலேயே படித்தவன், ஆனால் அந்த மூன்றரை மணிக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாரத்தில் ஒரு நாள் லீவு. சமைத்து, துணி துவைத்து, பஸ் ஏறி இங்கே வந்து, பணம் அனுப்பி, சாமான் வாங்கி, போன் பேசி, இருட்டுவதற்குள் டார்மிட்டரிக்குத் திரும்பினால்தான் மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு எழுந்திருக்க முடியும். அந்த நாளிலேயே அவருக்குக் கிடைத்த நல்ல நேரம் எதுவோ, அதை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

எதிரணித் தோழி கேட்டாரே, பத்து நாள் சுற்றுலா போதாதா என்று. அதே இடத்துக்குச் சுற்றுலாக்காரர்களும்தான் வருகிறார்கள், படமும் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது கூட்டம், எனக்கு அது எங்கள் வீட்டு போனுக்குப் பின்னால் கேட்ட சத்தம்.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். நான் படிப்பது சிவில் இன்ஜினியரிங். இரண்டாம் ஆண்டில் முன்வார்ப்பு கான்கிரீட் பற்றி ஒரு வகுப்பு. அதாவது சுவர், தளம் எல்லாவற்றையும் வேறு இடத்தில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கிப் பொருத்துவது. பேராசிரியர் ஒரு ஸ்லைடு போட்டார். பினக்கல் அட் டக்ஸ்டன். ஏழு கட்டடம், ஒவ்வொன்றும் 50 மாடி, 1,848 வீடு, 2009ல் முடிந்தது, 26ஆவது மாடியிலும் 50ஆவது மாடியிலும் ஏழையும் இணைக்கிற வானப் பாலம். அருமையான வகுப்பு, அவரைக் குறை சொல்லவே மாட்டேன். படம் பிடித்திருந்ததால் வகுப்பிலிருந்தே போனில் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன், சும்மாதான்.

பத்து நிமிடத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தம்பி, இது கேண்டோன்மெண்ட் ரோட்டுல இருக்கிறதுதானே? இதுல ரெண்டு வருஷம் இருந்தேன்டா நான். ரிக்கர் வேலை."

ரிக்கர் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிரேன் தூக்குகிற பாரத்துக்குச் சங்கிலியோ வாரோ மாட்டுகிறவர் அவர்தான். கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா, எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சிக்னல்மேன் கை காட்டுவார், கிரேன் தூக்கும். டன் கணக்கில் எடையுள்ள சுவர் அவர் தலைக்கு மேலே போகும். ஸ்லைடில் பாரம் இருந்தது, கிரேன் இருந்தது, எத்தனை வீடு என்ற கணக்கும் இருந்தது. கொக்கி மாட்டிய ஆள் இல்லை. அந்த ஆளைப் பற்றி என்னிடம் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை, என் பையில் இருந்த போனில்தான் இருந்தார். பதினோரு ஆண்டு எங்களிடம் சொல்லாததை அன்றைக்கு அரைமணி நேரம் சொன்னார், ஏனென்றால் முதல்முறையாக நான் சரியான கேள்வி கேட்டிருந்தேன்.

மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்கு ஒரு கட்டுமானத் தளத்துக்குப் போனேன். இங்கே தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் எல்லாரையும் நிறுத்தி வைத்து டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும், இன்றைக்கு என்ன வேலை, எதில் ஆபத்து என்று சொல்வார்கள். உனக்குத் தமிழ் தெரியுமே, நீ வாசி என்று என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "உயரத்தில் பணிபுரியும்போது பாதுகாப்புக் கச்சையினை நங்கூரப் புள்ளியுடன் இணைத்தல் அவசியம்" என்று வாசித்தேன். சுத்தமான தமிழ்தான். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு முகத்திலும் அசைவில்லை. அப்போது முன்வரிசையில் நின்ற ஒரு அண்ணன், மன்னார்குடிக்காரர், திரும்பி நின்று சொன்னார்: "மேல ஏறுனா ஹூக்கை மாட்டு. மாட்டாம ஒரு அடி நகராதே." எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் தனியாக அனுமதி வேண்டும் என்பது இங்கே சட்டம், அதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அந்தச் சட்டம் ஒருவர் காதுக்குள் போய்ச் சேர எந்தத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதை அந்த அண்ணனிடம்தான் கற்றேன்.

அவரேதான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது வைப்ரேட்டரை உள்ளே விடுவார்கள், காற்று வெளியேற. எவ்வளவு நேரம் என்று புத்தகத்தில் இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். அவர் என்னிடம் வைப்ரேட்டர் குழாயைக் கொடுத்து, "கண்ணை விட்டுடு தம்பி, கையில கேளு" என்றார். கேட்டேன். முதலில் உதறுகிறது, கொஞ்ச நேரத்தில் அந்த உதறல் ஒரு சீராக அடங்குகிறது, மேலே குமிழி நின்றுவிடுகிறது. "இப்ப மெதுவா உருவு. அவசரமா உருவினா ஓட்டை நிக்கும். ரொம்ப நேரம் விட்டே, கல்லு கீழ போயிரும், சிமெண்ட் பால் மேல வந்துரும்." இதே விஷயம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கிறது, எதிரணி சொல்லும் முன்பே நான் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தியை நான் மறந்துபோகலாம். அந்த உதறல் அடங்கியது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

வகுப்பறை வேறு ஊர் வேறு என்று எதிரணி கோடு போட்டதே, அந்தக் கோடே எனக்குச் சந்தேகம். நான் படிக்கிற நன்யாங் வளாகத்தின் கதையைப் பாருங்கள். 1950களில் இங்கே நன்யாங் பல்கலைக்கழகம் எழும்பியபோது பணக்காரர்கள் மட்டும் காசு கொடுக்கவில்லை. ஹொக்கியன் சீனர்களின் சங்கம் நிலம் கொடுத்தது, ட்ரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர்கள் தங்கள் வருமானத்தைக் கொடுத்தார்கள், தெருவில் விற்றவர்களும் கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை படிக்குமா என்று தெரியாமலே கொடுத்தார்கள். 1980ல் அந்தப் பல்கலைக்கழகம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது, அடுத்த ஆண்டே அதே வளாகத்தில் புதிய கல்விக்கழகம் தொடங்கி, 1991ல் இன்றைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. பழைய நிர்வாகக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அதன் முன்னால் யுன்னான் தோட்டத்தில் நாம் எல்லாரும் படம் எடுத்திருக்கிறோம். நாம் உட்கார்ந்து படிக்கிற இந்த வளாகம் ட்ரைஷாக்காரர் மிதித்த காசில் தொடங்கியது, ஐயா. ஊர்தான் முதலில், வகுப்பறை அதற்கப்புறம்.

கடைசியாக ஒன்று. இங்கே கட்டணச் சலுகை வாங்கிப் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு ஜாமீன் வேண்டும். என் தாளில் ஜாமீன் கையெழுத்து என் சித்தப்பாவுடையது. அவர் இங்கே இருந்த பதினோரு ஆண்டும் ஒர்க் பெர்மிட், கட்டட வேலை மாதிரி உடலுழைப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. நான் வேலைக்குச் சேரும்போது எனக்குக் கிடைக்கப் போவது வேறு அட்டை. இதே ஊர், இதே கான்கிரீட், இரண்டு அட்டை. இதை எனக்குக் கணக்காகச் சொல்லிக்கொடுக்கிற பாடம் எங்கள் துறையில் இல்லை. பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் வரும்போது பக்கத்தில் போகிற லாரியின் பின்புறத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற முகங்களைப் பார்த்து நான்கு ஆண்டாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. நாளைக்கு நான் ஒரு தளத்தில் இன்ஜினியராக நிற்கும்போது எனக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போடச் சொன்னால் முகம் வாடினால், ஏன் வாடியது என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு அவர் யாரிடமோ பேச வேண்டியிருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே ஒரு நிமிடம்.

ஜூலையில் பட்டமளிப்பு. எனக்குக் கிடைத்த இரண்டு அழைப்புச் சீட்டில் ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றை அப்பா வேண்டாம் என்றுவிட்டார், "அவன் வரட்டும்" என்று. போன வாரம் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்றார். பினக்கலில் 50ஆவது மாடிப் பாலத்துக்குக் கட்டணம் கட்டினால் யாரும் போகலாம் சித்தப்பா, விழா முடிந்ததும் அங்கே போவோம் என்றேன். அவர் கேட்டார்: "பாலம் போட்டப்ப நான் கீழதான்டா நின்னேன். மேலேர்ந்து பாத்தா நாங்க கொக்கி மாட்டுன எடம் தெரியுமா?"

தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்க்கிறோம். நன்றி, வணக்கம்.