இரண்டு பேர், ஒரே கணக்கு

வணக்கம். பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் பற்றிப் பொதுவாகப் பேச நான் வரவில்லை. கணவன், மனைவி இருவருமே மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வீட்டுக்கு அது என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவிக்குப் பார்வை மங்கிவிட்டது. பிள்ளைகள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார்கள். இருவருக்கும் பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது, அதில் அன்றாடத் தேவைக்கான பகுதியும் உண்டு. இவர்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் உதவித்தொகை எடுக்கவில்லை. பிரிட்டனின் பழைய முறையில், இப்படிப்பட்ட தம்பதிக்கு, உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான இ.எஸ்.ஏ. உதவித்தொகையோடு சிவியர் டிசெபிலிட்டி பிரீமியம் என்ற மேல்தொகை சேரும். அதுவும் இரண்டு பங்கு. வீடு கூட்டவும் கடைக்குப் போகவும் காசு கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட தொகை அது.

2013இல் வந்த யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த மேல்தொகையே இல்லை. உடல்நிலையால் வேலைக்குப் போக முடியாதவருக்கு ஒரு தொகை உண்டு. ஆனால் தம்பதி இருவருமே அந்த நிலையில் இருந்தாலும் ஒன்றுதான் தருவார்கள். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வேறு கவுன்சில் (உள்ளாட்சி) பகுதிக்கு வீடு மாறிய ஒரே காரணத்தால் புதிய முறைக்குள் போய், மாதம் 180 பவுண்டு அளவில் இழந்த இருவர் வழக்குப் போட்டார்கள். 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. அதன் பிறகுதான் இப்படி மேல்தொகையை இழந்தவர்களுக்கு ஈட்டுத்தொகை வந்தது. இரண்டு பங்கு வாங்கிய தம்பதிக்கு 2021இல் அது மாதம் 405 பவுண்டு.

அப்புறம், பழைய முறையில் இருந்தவர்களை யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லி அரசே கடிதம் அனுப்பத் தொடங்கியது. பழைய தொகை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை ‘டிரான்சிஷனல் எலிமெண்ட்’ என்று சேர்த்துத் தருவார்கள். கடிதத்தில் உள்ள தேதியைத் தவறவிடக் கூடாது. இருவரும் தனித்தனியாகக் கணக்குத் திறந்து, இரண்டையும் இணைக்க வேண்டும். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். பழைய இ.எஸ்.ஏ.யும், வாடகைக்கான ஹவுசிங் பெனிஃபிட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து வரும்.

சரி, மாறியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். அந்த வித்தியாசத் தொகை கரையும். வாடகை 50 பவுண்டு ஏறி, வாடகைக்கான பகுதியும் 50 கூடினால், இந்தத் தொகையில் 50 குறையும். வீட்டு உரிமையாளருக்கு 50 கூடக் கொடுக்க வேண்டும், கைக்கு வருவதோ பழைய அளவுதான். கணவரை வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்வதற்காக மனைவி கேரர் தொகை கேட்டாலும், அது முதலில் இதைத்தான் தின்னும். தம்பதி பிரிந்தால் மொத்தமாகவே போய்விடும். அதனால் புதிதாக எதையும் கேட்கும் முன், வீடு மாறும் முன், ஒரு பெனிஃபிட் ஆலோசகரைப் பாருங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பழைய முறையில் வந்த கடைசிக் கடிதத்தைத் தூக்கிப்போடாதீர்கள். யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் மாதக் கணக்கோடு அதை வைத்துப் பாருங்கள். டிரான்சிஷனல் எலிமெண்ட் என்ற வரி இல்லையென்றாலோ, தொகை குறைந்திருந்தாலோ, ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். பிள்ளைகள் தூரத்தில் இருந்தால், இந்த இரண்டு தாள்களையும் போனில் படம் எடுத்து இன்றைக்கே அவர்களுக்கு அனுப்புங்கள்.