வெப்கிட் பில்டில் ஸ்கிரிப்டுகளைச் சுருக்குவது: நாற்பது வரி பேட்ச் ஒன்றை ரிவ்யூ செய்த கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைய காணொளி முழுவதும் ஒரே ஒரு பேட்சை, அதாவது நிரலில் செய்யப்படும் ஒரு திருத்தத் தொகுப்பைப் பற்றியது. எங்கள் குழு வெப்கிட் உலாவி எஞ்சினின் கிளை ஒன்றைத் தனியாகப் பராமரித்து வருகிறது. வீடியோவை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் பொத்தான்களுக்காக நாங்கள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ரிலீஸ் பில்டில் (பயனர்களுக்கான பதிப்பைத் தொகுக்கும்போது) மட்டும் மினிஃபை செய்யும், அதாவது சுருக்கும் மாற்றத்தை என்னுடன் பணிபுரியும் நண்பர் அனுப்பியிருந்தார். இரண்டு கோப்புகளில் நாற்பது வரிக்கும் குறைவான மாற்றம்தான். ஆனாலும் அதைப் பார்த்து முடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

இந்த ஸ்கிரிப்டுகள் வலைத்தளத்திலிருந்து இறங்குபவை அல்ல. பில்ட் நடக்கும்போது ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அவற்றைப் படித்து, ஒவ்வொரு பைட்டையும் ஓர் எண்ணாக மாற்றி, சி பிளஸ் பிளஸ் வரிசையாக எழுதித் தருகிறது. அந்த வரிசை எஞ்சினின் நூலகக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே நாம் எழுதும் கமென்டும், வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியும்கூட ஒவ்வொரு பயனரின் கருவிக்கும் போய்ச் சேருகின்றன. அவற்றை நீக்க வேண்டும் என்ற நண்பரின் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சுருக்கும் வேலையைச் செய்வது ஜேஎஸ்மின். டக்ளஸ் கிராக்ஃபோர்டு சி மொழியில் எழுதிய சிறு நிரல் அது. அதன் பைத்தான் வடிவம் வெப்கிட்டில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் பகுதியான ஜாவாஸ்கிரிப்ட்கோரின் அடைவிலேயே இருக்கிறது. அது மாறிகளின் பெயரைக் குறுக்குவதில்லை, மொழியின் இலக்கணத்தை அலசுவதும் இல்லை. எழுத்து எழுத்தாக நகர்ந்து, தேவையற்றது என்று தனக்குத் தோன்றுவதை மட்டும் விட்டுவிடுகிறது. இலக்கணம் அறியாமல் எழுத்துகளை நீக்கும் கருவி என்பதால்தான் பேட்சை மட்டும் படித்துவிட்டு ஒப்புதல் தர எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கிளையில் இருந்த பிரதி பழையது. ஒற்றை மேற்கோளையும் இரட்டை மேற்கோளையும் மட்டுமே அது சரத்தின், அதாவது நிரலில் வரும் உரைத் துண்டின், எல்லையாக அறிந்திருந்தது. 2015இல் மொழிக்குள் வந்த, பேக்டிக் (`) குறிக்குள் எழுதும் சரங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஒரு பேக்டிக் சரத்துக்குள் இணைய முகவரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் வரும் இரண்டு சாய்கோடுகளை அந்தப் பிரதி கமென்டின் தொடக்கமாக எண்ணி, வரியின் மீதியை வெட்டி எறிந்துவிடும்; சரத்தை மூட வேண்டிய பேக்டிக்கும் அதோடு போய்விடும். எங்கள் கோப்புகளில் இப்படி ஓரிடம் இருந்தது. நண்பரின் கணினியில், பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் சுருக்கமே நடக்காததால், அதை மட்டும் ஓட்டிப் பார்த்த அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

டீபக்கா ரிலீஸா என்பதை ஸ்கிரிப்ட் எப்படி அறிகிறது என்பது என் அடுத்த கேள்வி. கான்ஃபிகரேஷன் என்ற சூழல் மாறியைப் படித்து, அதன் மதிப்பு டீபக் என்று இல்லாவிட்டால் சுருக்கும்படி பேட்ச் எழுதப்பட்டிருந்தது. ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோடு அந்த மாறியைத் தானே அமைத்துக் கொடுக்கும். பல தளங்களுக்கும் பொதுவான பில்ட் கருவியான சீமேக் அப்படிச் செய்யாது. ஆப்பிள் தளங்களுக்கான வெப்கிட் எக்ஸ்கோடு வழியாகவும், லினக்ஸுக்கான ஜிடிகே, டபிள்யூபிஇ வடிவங்களும் விண்டோஸ் வடிவமும் சீமேக் வழியாகவும் பில்ட் ஆவதால், லினக்ஸில் பணிபுரிபவருக்கு டீபக் பில்டிலும் சுருங்கிய ஸ்கிரிப்டே கிடைத்திருக்கும். பிழைச் செய்தியில் வரும் வரி எண் மூலக் கோப்போடு பொருந்தாமல் அவர் தவித்திருப்பார். சூழலைப் பார்த்து ஊகிப்பதை விட்டுவிட்டு, சுருக்க வேண்டுமா என்பதை இரு பில்ட் அமைப்புகளும் வெளிப்படையாக ஓர் ஆப்ஷனாக அனுப்பட்டும் என்று கேட்டேன்.

சுருக்கும் ஸ்கிரிப்டும் சார்புக் கோப்புகளின் (மாறினால் மீண்டும் பில்ட் செய்ய வேண்டியவற்றின்) பட்டியலில் இடம்பெற வேண்டும். இல்லையென்றால், ஜேஎஸ்மினைத் திருத்திய பிறகும், பில்ட் கட்டளைகளை ஓட்டும் நிஞ்சா பழைய வெளியீட்டையே வைத்துக்கொள்ளும்.

வரிசையின் நீளம் கணக்கிடப்படும் இடத்தில் சற்று அதிக நேரம் நின்றேன். சுருக்கிய பின் கிடைக்கும் உரையின் எழுத்து எண்ணிக்கையைப் பேட்ச் அப்படியே நீளமாக எடுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. ஆனால் நம்முடைய ‘அ’ என்ற ஒரே எழுத்து யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட்டுகளைப் பிடிக்கும். மூலத்தில் அப்படி ஓர் எழுத்து வந்தால், நீளம் குறைவாகப் பதிவாகி, ஸ்கிரிப்டின் கடைசி இரண்டு பைட்டுகள் எஞ்சினின் கண்ணிலேயே படாது. முதலில் பைட்டுகளாக மாற்றிவிட்டு அதன் பிறகு எண்ணுங்கள் என்று எழுதினேன். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தையும் குறிப்பிடச் சொன்னேன். விண்டோஸில் பைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் குறியாக்கம் பல வேளைகளில் யுடிஎஃப்-8 அல்ல.

உரிமக் குறிப்பையும் மறக்க முடியாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ள பதிப்புரிமைக் கமென்டை ஜேஎஸ்மின் மற்றக் கமென்டுகளோடு சேர்த்தே நீக்கிவிடும். வலைப்பக்கங்களை ஆராய உதவும் வெப்கிட்டின் இன்ஸ்பெக்டர் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்கிரிப்ட், சேர்த்த கோப்பின் தொடக்கத்தில் உரிமத்தை மீண்டும் எழுதி வைக்கிறது. அந்த வழக்கத்தை நாமும் பின்பற்ற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

நண்பர் இவை அனைத்தையும் திருத்தி, பேக்டிக்கை அறிந்த புதிய பிரதியையும் கொண்டுவந்தார். சுருங்கிய கோப்பை ஜாவாஸ்கிரிப்ட்கோரின் கட்டளைவரிக் கருவியான ஜேஎஸ்சி ஷெல்லில் கொடுத்து இலக்கணம் சரிபார்க்கும் படியையும் பில்டில் சேர்த்தார். எல்லாக் கோப்புகளும் தேறின. இருந்தாலும் என் மனம் அமைதி அடையவில்லை. இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் மாறியிருக்கலாம் அல்லவா? சுருக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள உரைகளை டோக்கன்களாக (சொல், குறி போன்ற சிறு அலகுகளாக) பிரித்து ஒன்றுக்கொன்று ஒப்பிடும் சோதனை ஒன்றை எழுதும்படி கேட்டேன். கூடுதல் வேலைதான், ஆனாலும் அவர் முகம் சுளிக்காமல் மறுநாளே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சோதனை ஓரிடத்தில் நின்றது. ரிட்டர்ன் என்ற சொல்லை அடுத்து ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது இரண்டு சாய்கோடுகளுக்கு இடையே எழுதும் தேடல் வடிவம். அதனுள் ஒரு காற்புள்ளியும் ஓர் இடைவெளியும். சாய்கோட்டுக்கு முன்னால் எழுத்தில் முடியும் சொல் நிற்பதால், எங்கள் கருவி அதை வகுத்தல் குறியாகக் கருதி, உள்ளே இருந்த இடைவெளியை நீக்கிவிட்டது. மிஞ்சியதும் இலக்கணப்படி சரியான ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் என்பதால் ஷெல் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அது தேடும் உரை வேறாகிவிட்டது. நாங்கள் இருவரும் பலமுறை படித்தும் காணாத இடம் அது. நண்பர் அந்த எக்ஸ்பிரஷனை அடைப்புக்குறிக்குள் இட்டார், சோதனை தேறியது, அன்று மாலையே நான் ஒப்புதல் அளித்தேன்.