கலங்கிய குழாய்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆய்வகத்தில் தினமும் நடக்கிற ஒரு சோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்துவோம். எல்லாவற்றிலும் ஒரே சத்து நீர், ஒரே அளவு பாக்டீரியா. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தின் அளவு மட்டும்தான் வேறு. முதல் குழாயில் 64 பங்கு என்றால் அடுத்ததில் 32, அப்புறம் 16, 8, 4 என்று பாதி பாதியாகக் குறையும். ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், மருந்து அதிகம் உள்ள குழாய்கள் தண்ணீராகத் தெளிந்திருக்கும். குறைவாக உள்ளவை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். தெளிந்தவற்றில் எதில் மருந்து மிகக் குறைவோ, அந்த அளவுக்குப் பெயர் குறைந்தபட்சத் தடுப்பளவு. அதை நோட்டில் எழுதிக்கொண்டு, மற்றதையெல்லாம் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொதிகலனில் போட்டு அழித்துவிடுவோம்.

கலங்கியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தக் கலங்கிய குழாயைப் பற்றித்தான். அதிலும் தெளிந்த குழாயை ஒட்டி நிற்கிற முதல் கலங்கிய குழாயைப் பற்றி.

அதில் இருக்கும் கிருமி செத்துப்போகவில்லை. ஆனால் அடி வாங்கியிருக்கிறது. மருந்து சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் கிருமியின் டி.என்.ஏ. இழை அங்கங்கே அறுந்துபோகும். அறுந்ததும் கிருமிக்குள் ஓர் அபாயச் சங்கு ஊதும். விஞ்ஞானிகள் இதற்கு எஸ்.ஓ.எஸ். என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், மூழ்கும் கப்பல் அனுப்பும் செய்தியின் பெயர். சாதாரண நாளில் பூட்டிக் கிடக்கும் மரபணுக்கள் அப்போது திறந்துகொள்ளும். அவசரத்துக்கு ஒட்டுப்போடும் நொதிகள் வெளியே வரும். அவை கொஞ்சம் கவனக்குறைவான ஆட்கள். பழுது பார்க்கிற சாக்கில் டி.என்.ஏ.வில் எழுத்துப்பிழை விட்டுவிடும். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று கிருமிக்கு லாபமாக அமைந்துவிடலாம்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1992 வரைக்கும் ஓ1 என்ற வகைக் காலராக் கிருமிதான் பெரும் கொள்ளைநோயாகப் பரவும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு சென்னையில் ஓ139 என்ற புது வகை தலைகாட்டியது. அது வங்காள விரிகுடாக் கரையோரமாகப் பரவியதால் 'பெங்கால்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சென்னை நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமி எம்.ஓ.10 என்ற பெயரில் உலக ஆய்வகங்களுக்குப் போனது. அதற்குள் எஸ்.எக்ஸ்.டி. என்ற மரபணுத் துண்டு இருப்பதை 1996ல் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம். சல்ஃபா, ட்ரைமெத்தோப்ரிம், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நான்கு மருந்துக்கும் கவசம் அதில் இருந்தது. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கு அப்படியே தாவவும் அதனால் முடியும்.

ஆனால் எந்நேரமும் தாவிக்கொண்டிருக்காது. செட்ஆர் என்ற புரதம் அதற்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. 2004ல் வால்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் காட்டியது என்னவென்றால், சிப்ரோஃப்ளாக்சசின் பட்டு அபாயச் சங்கு ஊதும்போது அந்தப் பூட்டும் உடைந்துபோகிறது. துண்டு பல மடங்கு அதிகமாகக் கைமாறுகிறது. இங்கே கவனியுங்கள். சிப்ரோவுக்கான கவசம் அந்தத் துண்டில் இல்லவே இல்லை. ஒரு மருந்தின் அரைகுறை அளவு, வேறு நாலு மருந்துக்கான கவசத்தை ஊரெல்லாம் விநியோகம் பண்ணிவிடுகிறது! இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. காலராவின் நச்சு மரபணு கிருமியின் சொந்தச் சொத்தில்லை. கிருமிக்குள் குடியேறிய ஒரு வைரஸ் கொண்டுவந்தது. அந்த வைரஸும் இதே சங்கைக் கேட்டுத்தான் பெருகக் கிளம்புகிறது.

நச்சு என்றதும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பக்கம் ஒரு நடை போய்வரலாம். சீழ்க்கட்டிகளில் நாம் அடிக்கடி பார்க்கும் கிருமி அது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால், அது முன்பைவிட அதிகமாக நச்சு சுரக்கும். கிளிண்டாமைசின் என்ற மருந்து பட்டால் சுரப்பு குறையும். கிளிண்டாமைசின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது, அதனால்தான் கடுமையான தொற்றுகளில் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆகவே சிறு அளவு என்றாலே எல்லா மருந்தும் கிருமியை வெறியேற்றும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சூடோமோனாஸ் என்ற கிருமி வேறு மாதிரி. கொல்லாத அளவில் டோப்ராமைசின் என்ற மருந்து கிடைத்தால் அது கூட்டமாகச் சேர்ந்து, வழவழவென்று ஒரு படலம் கட்டி உள்ளே பதுங்கிக்கொள்ளும். நுரையீரலில் அப்படிக் கட்டிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

சரி, இந்த அரைகுறை அளவு எங்கிருந்து வருகிறது? மெடிக்கல் ஷாப்பில் ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு மாத்திரை மட்டும் காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்களே, அது ஒரு வழி. எத்தனை நாள் சாப்பிடுவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இப்போது விவாதம் நடக்கிறது. பல தொற்றுகளுக்குக் குறைந்த நாள் போதும் என்கிறார்கள். அது நியாயமான விவாதம். ஆனால் ஒரு வேளைக்கான அளவைப் பாதியாக்குவது வேறு சங்கதி. 500 எழுதினால் 250 வாங்கிக்கொள்கிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். என் மாமியார் உள்பட.

இன்னொரு வழி நம் கண்ணில் படாதது. ஹைதராபாத் பக்கத்தில் படான்செருவு. ஏராளமான மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்.

அந்தப் பக்கத்து நீர் இஸகவாகு ஓடையில் இறங்கி, நக்கவாகில் கலந்து, மஞ்சீராவுக்குப் போய், கடைசியில் கோதாவரியில் சேர்கிறது. ஒவ்வொரு சங்கமத்திலும் மருந்து நீர்த்துக்கொண்டே போகும். மருந்து நீர்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். 2011ல் ஸ்வீடனின் உப்சாலாவில் அளந்து பார்த்தார்கள். தடுப்பளவைவிடப் பல நூறு மடங்கு குறைந்த மருந்திலும், எதிர்ப்புள்ள கிருமி எதிர்ப்பில்லாத கிருமியை ஓரங்கட்டிவிடுகிறது.

நம் ஸ்டாண்டை இப்போது அந்த ஓடையோரம் படுக்கப் போடுங்கள். முதல் குழாய் நிலையத்தின் வாசலில் இருக்கிறது. கலங்கிய குழாய் எந்தக் கிராமத்துப் படித்துறையில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ள அங்கே நோட்டும் இல்லை, அழிக்க ஆட்டோகிளேவும் இல்லை.