பத்து ரூபாய்க் காசு செல்லும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பேருந்து நடத்துநர் மறுபேச்சில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பத்து ரூபாய்க் காசை, இரண்டு மூன்று மாவட்டம் தள்ளிப் போனால் டீக்கடைக்காரர் தொட மறுக்கிறார். "இது இங்க ஓடாதுங்க, நோட்டா குடுங்க" என்கிறார். ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே காசு. ஆனாலும் ஓர் ஊரில் அது பணம், இன்னோர் ஊரில் வெறும் உலோகத் துண்டு. வங்கிக் கவுண்டரில் காசாளராகப் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், இன்றைக்கு இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இந்த மறுப்பு எங்கிருந்து வந்தது? ஒரு புரளியிலிருந்து. பழைய பத்து ரூபாய் நாணயத்தில் 10 என்ற எண்ணுக்கு மேலே 15 கோடுகள் கதிர்போல விரிந்திருக்கும். ரூபாய்க் குறியீடு இருக்காது. நம் ரூபாய்க்கெனத் தனிக் குறியீட்டை அரசு 2010-இல் ஏற்றது. அடுத்த ஆண்டிலிருந்து அச்சான காசில் குறியீடு சேர்ந்தது, கோடுகள் 10 ஆகக் குறைந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ, "பத்துக் கோடு அசல், பதினஞ்சு கோடு போலி" என்று கிளப்பிவிட, வாட்ஸ்அப் மற்றதைப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நாளில் எந்தக் கோடு அசல் என்பதும் மறந்துபோய், காசே வேண்டாம் என்றாகிவிட்டது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை வெளியிட்டது: அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும். அப்படியும் பல ஊர்களில் பயம் தெளியவில்லை. 2022-இல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் ஆறு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாகவே மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கார் வாங்கியது செய்தியாக வந்தது, நினைவிருக்கலாம். அவர் குடும்பம் நடத்திய கடையில் சேர்ந்த காசை வெளியே யாரும் வாங்கவில்லை; அது செல்லும் என்று ஊருக்குக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை செல்லும். ஐம்பது காசு 10 ரூபாய் வரை செல்லும். அந்தக் கார்க் கடைக்காரர் 1,000 ரூபாய்க்கு மேல் காசாக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். டீக்கடைக்காரருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஒரு காசு மறுக்கப்பட்டால் யாருக்கு நட்டம்? காலையில் வங்கி திறந்ததும் கவுண்டருக்கு வரும் பூக்கார அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். சுருக்குப் பையை அவிழ்த்துக் கொட்டினால் காசெல்லாம் ஈரமும் வெற்றிலைக் கறையும் ஏறிக் கறுத்திருக்கும். அதுதான் அவர்களுடைய முதல், அதுதான் லாபம். அதில் ஏழெட்டுப் பத்து ரூபாய்க் காசை மொத்த வியாபாரி வாங்க மாட்டேன் என்றால், அன்றைக்கு ஒரு பந்து பூ குறைகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தக் காசு மேசை டிராயரில் கிடக்கும் பொருள். இந்த அம்மாவுக்கு அது நாளைய கொள்முதல்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடைத்தெருவில் புழங்குகிற மிகச் சிறிய காசு எதுவோ, அதுதான் விலையின் படி உயரம். அந்தக் காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்குள் 192 படிகள். கால் அணா, அரை அணா என்று விலை மெல்ல ஏறி மெல்ல இறங்க இடம் இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது, 100 படிகள். 2011 ஜூன் 30-உடன் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும், ஆனால் எந்தக் கடையில் நீட்டினாலும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இப்போது ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும்? பால் விலை கொஞ்சம் ஏறியதும் பத்து ரூபாய் டீ பன்னிரண்டு ஆகிறது. பதினைந்தாகக் கொடுத்தால் மீதி மூன்று ரூபாய்க்குத் தினமும் தகராறு, கல்லாவில் சில்லறை இல்லை. கடைசியில் கடைக்காரர் பதினைந்து என்று எழுதிவிடுகிறார். ஏறவேண்டியது இரண்டு, ஏறியது ஐந்து. அல்லது மீதிக்கு ஒரு சாக்லேட். அந்தச் சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்து யாராவது டீ குடிக்க முடியுமா? சில்லறை இல்லாத சந்தையில் விலை எப்போதும் மேல்நோக்கித்தான் சரிசெய்யப்படுகிறது. அதைச் சுமப்பவர் ஒரு நாளில் நாலு டீ குடிக்கிற கட்டடத் தொழிலாளி.

"ஒரு ரூபாய்க் காசு அடிக்க ஒரு ரூபாய்க்கு மேல் ஆகிறதே, எதற்கு இந்த வீண் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு வந்த பதிலின்படி, அதை அடிக்க ஆகும் செலவு 1 ரூபாய் 11 காசு. உண்மைதான். ஆனால் காசு ஒரு தடவை செலவானதும் தீர்ந்துபோவதில்லை. பத்து ரூபாய் நோட்டு ஓரிரண்டு வருடத்தில் கிழிந்து நைந்துவிடும். நாணயம் இருபது வருடம் கைமாறும். பத்து ரூபாய்க்குக் காசு கொண்டுவந்ததே அதற்காகத்தான். அமெரிக்கா 2025 நவம்பரில் புழக்கத்துக்கான தன் கடைசி ஒரு சென்ட் காசை அடித்து நிறுத்தியது. ஒன்றை அடிக்க 3.69 சென்ட் ஆகிக்கொண்டிருந்தது. அதோடு மக்கள் அதைச் செலவழிக்காமல் வீட்டில் ஜாடிகளில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த முடிவு எனக்கு நியாயமாகவே படுகிறது. கைமாறாத காசை அடித்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. நம் ஒரு ரூபாய் அந்த நிலைக்கு வரவில்லை. கல்யாண மொய்க் கவரில் ஒட்டிய காசு தொடங்கி, நியாய விலைக் கடை வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜிபே, போன்பே காலத்தில் காசு எதற்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. யுபிஐ 2016-இல் வந்தது. 2024 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் 1,600 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. பன்னிரண்டு ரூபாயைப் பன்னிரண்டாகவே கொடுக்க முடிகிறது, சில்லறைத் தகராறு இல்லை. நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதே வருடங்களில் ரொக்கமும் குறையவில்லை. 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்கம், 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன.

அதற்குக் காரணம் என்ன என்பதைச் சென்னைக்காரர்கள் அனுபவித்தே அறிந்தவர்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றாயிற்று. டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தது. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, அட்டை தேய்க்கிற இயந்திரம் வேலை செய்யவில்லை, ஏடிஎம்மில் பணமும் இல்லை. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும், கையில் நூறு ரூபாய் வைத்திருந்தவர்தான் பால் வாங்கினார். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அங்கே அரிசியும் மெழுகுவத்தியும் ரொக்கத்துக்குத்தான் கிடைத்தன. பணமில்லாப் பொருளாதாரத்துக்கு முன்னோடி என்று நாம் சொல்லும் சுவீடனிலேயே, நெருக்கடி வந்தால் சமாளிக்க வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்று அரசு இப்போது மக்களுக்குச் சொல்கிறது.

காசு கைமாறினால் கொடுக்கல் வாங்கல் அந்த நொடியிலேயே முடிந்தது. நடுவில் வங்கி இல்லை, செயலி இல்லை, "சர்வர் டவுன்" இல்லை. எழுத்தறியாத பாட்டியும் ஆறு வயதுப் பேரனும் அதைச் செய்யலாம். பார்வையற்றவரும் செய்யலாம், ஆனால் இதில் அரசுமேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 100 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் நாலு சாய்கோடுகளும் 500-இல் ஐந்தும் மேடாக அச்சிட்டிருக்கிறார்கள்; தடவினால் தெரியும். காசிலோ, வருடத்துக்கு வருடம் அளவை மாற்றிவிட்டு, பழையதையும் புதியதையும் ஒன்றாகவே புழங்கவிட்டார்கள். பழைய ஒரு ரூபாய் எது, புதிய இரண்டு ரூபாய் எது என்று கண்ணுள்ளவர்களே தடுமாறுகிறார்கள். 2020-இல் புழக்கத்துக்கு வந்த இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னிரண்டு மூலைகள்; அது ஒன்றாவது விரலுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. மற்ற காசுகளுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

கிளைகளில் காசைக் கொண்டுபோய்க் கட்டினால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ண நேரமில்லை, வைக்க இடமில்லை என்பார்கள். எந்தக் கிளையும் காசை வாங்க மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நூறு நூறாகப் பாலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுபோனால் அவர்களுக்கும் சுலபம், உங்களுக்கும் நேரம் மிச்சம். அப்படியும் மறுத்தால் 14448 என்ற எண்ணில் ரிசர்வ் வங்கியிடம் புகார் முறை பற்றிக் கேளுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் பத்து ரூபாய்க் காசை நீட்டும்போது "ஓடாது" என்றால், சண்டை வேண்டாம். "வாங்கிக்கோங்கண்ணே, பேங்க்ல கட்டினா எடுத்துக்குவாங்க" என்று சொல்லுங்கள். மீதியாக அவர் பத்து ரூபாய்க் காசைத் தந்தால் நீங்களும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.