வீட்டில 6.8, கட்டுநாயக்கவில 8.1: கைப்பை நிறைக் குழப்பம் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். இண்டைக்கு ஒரே ஒரு கேள்விதான். அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிரிக்கா. குவைத்துக்குப் போகக்குள்ள, விமானத்துக்குள்ள கையோட கொண்டு போற கைப்பைய வீட்டில நிறுத்தாவாம், 6.8 கிலோ. கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டரில அதே பை 8.1 காட்டியிரிக்கு. "அவங்கட தராசு களவுத் தராசா?" எண்டு கேக்கிறா.

நல்ல கேள்வி. முக்கால்வாசிப் பேர், கைப்பைக்கு விடுற 7 கிலோவுக்குள்ள எப்பிடி அடைக்கிற எண்டுதான் கேப்பாங்க. இவ நிறுத்துப் பாத்துட்டுக் கேக்கிறா.

தங்கச்சி, எதால நிறுத்தீங்க எண்டு நீங்க எழுதல்ல. ஆள் ஏறி நிக்கிற தராசாத்தான் இரிக்கும். பையத் தூக்கிக்கொண்டு ஏறுற, பிறகு வெறுங்கையோட ஏறுற, கழிக்கிற. அந்தத் தராசு 60, 70 கிலோ ஆள நிறுக்கக்குள்ள அரைக் கிலோ பிசகினா ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க ரெண்டு தரம் ஏறுறீங்க. ஒரு தரம் குறைச்சி, மறு தரம் கூட்டிக் காட்டினா ஒரு கிலோ அங்கயே போச்சு. பாய்க்கு மேல, கார்ப்பெட்டுக்கு மேல தராச வச்சா இன்னும் மோசம். மிச்ச 300 கிராம், வான் ஏறக்குள்ள உம்மா திணிச்ச பலகாரமாயிரிக்கும்!

கொக்கித் தராசு ஒண்டு வாங்குங்க, பையக் கொழுவித் தூக்கிப் பாக்கிற சாமான். அதையும் நம்பாதீங்க, தண்ணியால சோதிங்க. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ஒண்டரை லீற்றர் போத்தல் நாலு நிரப்பிப் பையில போட்டுத் தூக்கினா தண்ணி மட்டும் 6 கிலோ, வெறும் போத்தலுகள் நூறு, நூற்றைம்பது கிராம் வரும். பையிட நிறையக் கழிச்சிட்டு அந்தக் கணக்கு வருதா எண்டு பாருங்க. வந்தா தராசு சரி.

பிறகு 6.5 இல நிப்பாட்டுங்க. கொழும்பு ஆக்களுக்கு நிறை கூடினா வழியனுப்ப வந்தவர்ட கையில குடுத்துவிடலாம். நமக்கு வீடு 300 கிலோமீற்றருக்கு அங்கால, வானும் திரும்பியிரிக்கும்.

இனி நான் எப்பவும் சொல்ற விசயம். பழைய வீடியோ பாத்தவங்களுக்குச் சலிச்சிருக்கும், இருந்தும் சொல்றன்: முதல்ல வெறும் பைய நிறுங்க. சில்லு வச்ச கட்டிப் பெட்டி வெறுமையாவே மூண்டு கிலோ வரும். அதுக்குள்ள லெப்டொப்பும் சார்ஜரும் ரெண்டே கால் கிலோ. உடுப்புக்கு மிஞ்சிறது ஒண்டே முக்கால். சாதாரண துணி முதுகுப்பை ஒரு கிலோவுக்குள்ளதான். பைய மாத்தினாலே ரெண்டு கிலோ மிச்சம். அதனாலதான் வெறும் பைய நிறுங்க, வெறும் பைய நிறுங்க எண்டு கத்துறன்.

அளவும் அப்பிடித்தான். கடையில 20 அங்குலம் எண்டு விக்கிறது சில இடத்தில பெட்டிட உடம்ப மட்டும். விமானக் கம்பனி சில்லு, கைபிடி எல்லாம் சேத்து அளக்கும். எமிரேட்ஸ் இக்கொனமியில 55, 38, 22 சென்ரிமீற்றர். கட்டார் எயார்வேஸில 50, 37, 25. ரெண்டுக்கும் 7 கிலோதான், ஆனா 55 சென்ரிமீற்றர் பெட்டி ஒண்டுக்குச் சரி, மத்ததுக்குப் பிழை. எயார் அரேபியா 10 கிலோ விடும், ஆனா சின்னப் பையும் அந்தப் பத்துக்குள்ள. 2015 இல அயாட்டா எண்ட விமானக் கம்பனிகளிட சங்கம் 55, 35, 20 எண்டு ஒரு பொது அளவச் சொல்லிப் பாத்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலயே நிப்பாட்டிட்டு. ரெண்டு கம்பனி மாறிப் போறீங்களெண்டா சின்ன அளவுக்கே கட்டுங்க.

தயிர் கொண்டு போகலாமா எண்டு மட்டக்களப்பில கேக்காத ஆளில்ல. கைப்பையில ஏலாது. தயிர், தேன், சம்பல் எல்லாம் தண்ணிக் கணக்கு, 100 மில்லிலீற்றர்தான். 200 போத்தலில பாதி தேன் இரிக்கு எண்டு வாதாடாதீங்க, அவங்க பாக்கிறது போத்தலிட கொள்ளளவ. தேனப் பெரிய பெட்டியில போடுறதெண்டா பிளாஸ்டிக் போத்தலை அமத்திக் காத்த வெளியேத்திட்டு மூடுங்க. மேல போகப் போக அமுக்கம் குறையும், உள்ளுக்கு நிக்கிற காத்து விரிஞ்சி மூடியால தேனத் தள்ளும். கொப்பரா எதிலயும் வேணாம். தானாச் சூடேறித் தீப்பிடிக்கிற சாமான் எண்டு தடை.

தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. விமானம் ஏறுற வாசலில வச்சி "மேல இடமில்ல, பையத் தாங்க, கீழ சாமான் அறையில போடுறம்" எண்டு வாங்கினா என்ன செய்யிற? நிறை சரியா இருந்தாலும் வாங்குவாங்க. அதுக்குத்தான் பைக்குள்ள மேலாக ஒரு சின்னப் பை: பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், மருந்து, நகை, பவர் பேங்க். இன்சுலின் கீழ போனா உறையலாம், பிறகு அது உதவாது. பவர் பேங்க் கீழ போகவே கூடாது. அது பத்தினா மேல ஆள் நிண்டு அணைக்கலாம், கீழ கை எட்டாது. 20,000 மில்லி அம்பியர் மணி (mAh) எண்டா, உள்ளுக்கு இரிக்கிற பற்றரிட 3.7 வோல்ற்றால பெருக்கி ஆயிரத்தால பிரிங்க: 74 வாட் மணி. எல்லை 100, அதனால பிரச்சினையில்ல. பைக்கு டேக் கட்ட முதல் பவர் பேங்க எடுத்தாச்சா எண்டு சில இடத்தில கேப்பாங்க. கேக்காட்டியும் எடுங்க.